கால் கீழே வைக்காத வாடிக்கையாளர்

நம் சைக்கிள் கடையில் எனக்கு மாலை போட்டு வழியனுப்பிய அன்று, உங்களில் ஒருவர் என்னைக் கல்லாவுக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, இந்தப் பையன்க பிஎம்எக்ஸ் சைக்கிள் கேட்டு வராங்க. எங்கேயும் போறதுக்கு இல்ல, நின்ன எடத்துலயே வித்தை காட்டுறதுக்கு. கையில காசும் இல்ல. எதை எடுத்துக் குடுக்கிறது?"

நான் வழக்கம்போல் தலையைச் சொறிந்தேன். "பார்த்துக் குடுங்க தம்பி" என்றேன். மாலையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அது பதிலே இல்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்கே தோன்றியது. என்ன செய்வது, எதிரே ஒரு முகம் இருந்தால் எனக்குப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வித்தைச் சைக்கிள் என்பது நீங்கள் நினைப்பதுபோல் புதிதல்ல. சின்னச் சக்கரம் புதிது, பெயர் புதிது. சமதரையில் சுற்றிக்கொண்டே முன்சக்கரத்தில் கால் வைப்பதும், ஹேண்டில் பாரில் ஏறி நிற்பதும், சுதந்திரம், அதாவது மெர்டேக்கா, வந்த ஆண்டிலேயே மலாக்காவில் நம் காஜா பெராங் பகுதியில் நடந்திருக்கிறது. அந்த வேலைக்கு ஏற்ற, விலை குறைந்த சைக்கிளை நான் முதன்முதலில் ஒருவருக்குத் தேர்ந்து கொடுத்ததும் அப்போதுதான். அவரால் கடைக்குள் வர முடியாது. சைக்கிளை விட்டு இறங்கவும் முடியாது. ஒரு நிமிஷம் நின்று பேசவும் முடியாது. இப்போது யாராவது வாடிக்கையாளர் தொல்லை கொடுக்கிறார் என்று நீங்கள் சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அப்போது நம் கடை காஜா பெராங் சாலையில் ஒரு திடலுக்கு எதிரே இருந்தது. இப்போதைய முதலாளியின் தகப்பனார்தான் முதலாளி. நான் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சைக்கிள் விற்க அவருக்கு மூன்று காரியம் போதும். முதலில் பெல்லை அடிப்பார். அடுத்து பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றுவார், டைனமோ விளக்கு எரியும். கடைசியில் சீட்டைத் தட்டி, "ராஜா மாதிரி உட்காரலாம்" என்பார். வந்தவர் அதற்குள் மனசுக்குள்ளேயே வீட்டுக்குப் போய், மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருப்பார்.

பணம் கைமாறியதும் முன்சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். அது நசுங்காமல் எந்தச் சைக்கிளும் எங்கள் வாசலைத் தாண்டியது கிடையாது. வாங்குகிறவர் தமிழராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் பழம் உண்டு. ஒருமுறை ஒரு போலீஸ்காரர் "இது எதுக்கு?" என்று கேட்டார். "பஞ்சர் ஆகாது" என்றார் முதலாளி. அடுத்த வாரமே பஞ்சரோடு தள்ளிக்கொண்டு வந்த அதே போலீஸ்காரரிடம், "பழம் சின்னதாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து சந்தையில் இருப்பதிலேயே பெரிய பழமாகப் பார்த்து வாங்கி வைப்பார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி அந்த வாடிக்கையாளர். பெயர் ரத்தினம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. ஒரே ஒரு குறை, எந்த வேலையிலும் தங்க மாட்டார். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் புல் வெட்டினார், வெயில் என்று விட்டுவிட்டார். ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார், குளிர் என்று விட்டுவிட்டார். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வெயிலும் இல்லை குளிரும் இல்லை, "உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு" என்று அதையும் விட்டார். ஐஸ் ஃபேக்டரி வேலையில் அவருக்கு ஒரு லாபம் மட்டும் கிடைத்தது. ஐஸ் கட்டி கொண்டுபோய்ப் போட்ட வீடுகளில் ஒன்று ஆறுமுகம் மாமா வீடு. அங்கே ஐஸை வாங்க வாசலுக்கு வந்தவர் அவர் மகள் பாக்கியம்.

ஆறுமுகம் மாமா மலாக்கா செட்டி வம்சத்தவர், அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர் வழி. நாம் இருப்பது அவர்கள் கம்பத்துக் குடியிருப்புக்குப் பக்கத்தில்தானே. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பியூனாகச் சேர்ந்து, அதே நாற்காலியில் இருந்தே ஓய்வு பெற்றவர். கைலி போன்ற சரோங்கும் வெள்ளைச் சட்டையும் தலைப்பாவுமாக இருப்பார். தமிழ், சாமி கும்பிடும்போது மட்டும் வரும். வீட்டிலும் வெளியிலும் அவர்களுக்கே உரிய மலாய்தான், நடுவில் நம் சொல் நாலு இருக்கும். பாக்கியமும் அப்படித்தான். அவர்கள் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். மாமாவின் கோபத்தை மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறேன்.

ரத்தினம் நேராகப் போய்ப் பெண் கேட்டுவிட்டார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"உன்னால ஒரு எடத்துல உட்கார முடியுமா?"

"முடியும் மாமா."

"எதுல உட்கார்ந்திருக்கே இதுவரைக்கும்?"

ரத்தினம் யோசித்துப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் தொடர்ந்து உட்கார்ந்த ஒரே பொருள் சைக்கிள் சீட்டு. "சைக்கிள்ல உட்காருவேன் மாமா. மெர்டேக்கா கொடி ஏறுற வரைக்கும் இறங்க மாட்டேன். கால் கீழே பட்டா பாக்கியத்தை மறந்திடுறேன்."

மாமா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். இவன் முதல் ராத்திரியே விழுந்துவிடுவான், பீடை ஒழிந்தது என்று நினைத்திருப்பார்.

அந்த நாளில் சைக்கிள் சுற்றுவது பெரிய வேடிக்கை. ஊர் இளைஞர் சங்கத்தார் திடலில் வட்டமாகக் கோடு போட்டு, நடுவில் கொடிமரம் நட்டு, கூட்டம் சேர்த்துவிட்டார்கள். சக்கரம் நிற்கக் கூடாது, கால் தரையில் படக் கூடாது. அவ்வளவுதான் விதி. ரத்தினம் சைக்கிளிலேயே சாப்பிட்டார், சைக்கிளிலேயே சட்டை மாற்றினார், சைக்கிளிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மற்றதற்கு ஓர் ஓலைத் தடுப்பு இருந்தது, உள்ளே ஓட்டிக்கொண்டு போய் வெளியே ஓட்டிக்கொண்டு வருவார். அதைப் பற்றி நீங்கள் கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

மாமா வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து கோட்டை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் முழுக்க ரத்தினத்தின் கால்மேல்தான். கால் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். கூட்டம் உடனே கத்தும்: "மாமா எழுந்துட்டாரு!" கால் மறுபடி பெடலுக்குப் போகும், மாமா மறுபடி உட்காருவார். பாக்கியம் வேளாவேளைக்கு இரண்டு கிளாஸ் தே ஓ, பாலில்லாத டீ, கொண்டுவருவார். ஒன்றை உட்கார்ந்திருக்கும் தகப்பனாரிடம் கொடுப்பார், மற்றதைச் சுற்றுகிறவரிடம் ஓடிக் கொடுப்பார். இரண்டிலும் சர்க்கரை ஒன்றாகத்தான் இருந்ததா என்று மாமா ஒருமுறை சந்தேகப்பட்டு, ரத்தினத்துக்குப் போன கிளாஸைக் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தார். சந்தேகம் நிஜம்தான், அதில் சர்க்கரை கூடுதல்.

முதல் ராத்திரி ரத்தினம் விழவில்லை. இரண்டாவது ராத்திரியும் விழவில்லை. கொடி ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம், கொஞ்சம் வெயில் தணிந்த நேரம், திடலில் ஒரு சத்தம் கேட்டது. டிங்.

சைக்கிள் கடைக்காரன் காதுக்கு அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரத்தில் ஒரு கம்பி போய்விட்டது. ரத்தினம் ஓட்டியது யாரிடமோ இரவல் வாங்கிய பழைய சைக்கிள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங். சக்கரம் ஆட ஆரம்பித்தது. எல்லாக் கம்பியும் போய் சக்கரம் மடிந்தால் ஆள் கீழே, பாக்கியம் வேறு வீட்டில்.

சங்கத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தவருக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. "சைக்கிள் கடை! சைக்கிள் கடை! ரத்தினம் அவர்களுக்குப் புதுச் சைக்கிள் தேவைப்படுகிறது! ஓடுகிற சைக்கிளிலிருந்து ஓடுகிற சைக்கிளுக்கு மாறுவார்! நாளைக் காலை கொடி ஏறும்போது ஹேண்டில் மேல் ஏறி நின்று சலாம் வைப்பார்!"

ஹேண்டில் மேல் ஏறி நிற்பது பற்றி ரத்தினம் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஆனால் மாமா கேட்டுவிட்டார், பாக்கியமும் கேட்டுவிட்டார். இனி நிற்காமல் முடியாது.

முதலாளி என்னைப் பார்த்தார். "எனக்கு முட்டி வலி. ஓடி ஓடி விக்கணும். நீ போ."

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்குள் ஒருவர் நுழைந்தால் கம்பியைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்கிறவன். அந்த நான், காஜா பெராங் முழுக்கக் கூடியிருந்த திடலில், சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் ஓடியபடி வியாபாரம் பேச வேண்டும்.

"அண்ணே," என்றேன், மூச்சு வாங்க. "என்ன மாதிரி... சைக்கிள்..."

"கேக்கல!" என்றார் ரத்தினம்.

"என்ன மாதிரி சைக்கிள் வேணும்னு கேக்கிறாரு!" என்று கூட்டம் முழுக்கச் சொன்னது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

அப்போது நாங்கள் மாமாவின் நாற்காலிக்கு நேராக வந்திருந்தோம். ரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். "உங்க கடையிலேயே எது விலை கூடுதலோ, அதைக் கொண்டு வா! காசு ஒரு பொருட்டா?"

நான் அதை நம்பிக் கடைக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் ஓட்டத்தை நிறுத்தத் தெரியாமல் அவரோடு வட்டத்தின் மறுபக்கம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு மாமரம் உண்டு, மாமாவுக்கு அந்தப் பக்கம் கேட்காது. ரத்தினம் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "தம்பி, இங்க விரிச்ச துண்டுல ஜனங்க போட்ட சில்லறைதான் இருக்கு. பார்த்துச் செய்யிலா."

அடுத்த சுற்றில் மாமா பக்கம் வந்தபோது மறுபடி நெஞ்சு நிமிர்ந்தது. "டைனமோ உண்டுல்ல? டபுள் லைட்டா இருக்கட்டும்!" மாமரத்துப் பக்கம் வந்ததும், "டைனமோ கெடக்கட்டும் தம்பி. ஹேண்டில்ல ஏறி நிக்கணுமாம். எனக்கு முன்னால கால் வைக்க எடம் வேணும். நான் அப்படி நின்னதே இல்ல. பயமா இருக்கு."

தம்பிகளே, அன்றைக்கு நான் கற்றது இது. காசு இல்லாமல் வருகிறவர் அதை எல்லார் எதிரிலும் சொல்ல மாட்டார். கூட வந்த நண்பன் எதிரில், காதலி எதிரில், தகப்பன் எதிரில் அவர் கோடீஸ்வரர். நீங்கள் கொஞ்சம் பொறுமையாக அவரோடு நடந்து, அவருடைய மாமரத்துப் பக்கம் போக வேண்டும். உண்மையான விலையும் உண்மையான பயமும் அங்கேதான் வெளியே வரும். அவர் பயத்தைச் சொல்வதற்கு முன்னால் சைக்கிளைக் கையில் எடுக்காதீர்கள்.

நான் இதைப் புரிந்துகொண்டு கடைக்கு ஓடியபோது முதலாளி முந்திக்கொண்டார். கடையிலேயே விலை கூடிய சைக்கிளை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். உயரமான கறுப்புச் சைக்கிள். முன்னும் பின்னும் பளபளவென்று மட்கார்டு, செயினுக்கு முழு மூடி, பின்னால் கேரியர், டைனமோ, பெல், ஸ்டாண்டு, சீட்டுக்குப் பூப்போட்ட உறை. "இதைத் தள்ளிக்கிட்டு போ. வாங்குறாரோ இல்லையோ, ஊரே பார்க்கும்" என்றார்.

தள்ளிக்கொண்டு ரத்தினத்துக்கு இணையாக ஓடினேன். அவர் ஒரு காலை நீட்டி ஏறப் பார்த்தார். கால் முதலில் கேரியரில் இடித்தது. இன்னொரு தடவை முன்னால் நீட்டினார், மட்கார்டில் வழுக்கியது. ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார், பிரேக் கம்பி தடுத்தது. உடம்பு இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் ஒரு கணம் தொங்கியது.

"மாமா எழுந்துட்டாரு!" என்று கூட்டம் கத்தியது.

ரத்தினம் எப்படியோ பழைய சைக்கிளுக்கே திரும்பிவிட்டார். டிங். மாமா உட்கார்ந்தார். ஆனால் நாற்காலியின் முன் ஓரத்தில்தான்.

அந்தச் சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அதில் இருந்த ஒவ்வொன்றும் நல்ல சாமான். ஆனால் ஒவ்வொரு நல்ல சாமானும் அந்த மனிதருடைய காலுக்குக் குறுக்கே நின்றது. வித்தைக்கு என்ன இருக்க வேண்டும் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன இருக்கக் கூடாது என்று பார்க்க ஆரம்பித்தவுடன், எங்கள் கடையில் எதுவுமே இல்லாத ஒரு சைக்கிள் இருப்பது ஞாபகம் வந்தது.

அதன் பெயர் கழுதை.

கடைக்குப் பின்னால் கிடந்த வாடகைச் சைக்கிள் அது. மணிக்கு இவ்வளவு என்று எடுத்துப் பழகுவதற்கு. குட்டையான சட்டம், தடித்த டயர், திருடு போகாமல் இருக்க அடித்த பளிச்சென்ற நீலப் பெயிண்டு. மட்கார்டு எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. செயின் மூடி, பெல், விளக்கு எதுவும் கிடையாது. பிரேக்கும் கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் செருப்புக் காலை முன்சக்கரத்து டயரில் வைத்து அழுத்த வேண்டும். காஜா பெராங்கில் முட்டியில் தழும்பு உள்ள எல்லாரும் கழுதையில் பழகியவர்கள். இன்றைக்குப் பிஎம்எக்ஸில் பையன்கள் டயரில் காலை வைத்துத் தேய்த்து வித்தை காட்டுகிறார்களே, எங்கள் ஊரில் அது வித்தை இல்லை, பிரேக்.

ஒரே சிக்கல், இதை ரத்தினம் மாமா எதிரில் எப்படி ஏற்றுக்கொள்வார்? "விலை கூடினது" என்று கேட்டவரிடம் வாடகைக் கழுதையைக் கொண்டுபோய் நீட்டினால் பெண் கிடைத்தாலும் மானம் போய்விடும்.

கழுதையைத் தள்ளிக்கொண்டு திடலுக்குள் வந்தேன். சிரிப்பு கிளம்பியது. "டேய், நம்ம கழுதைடா!" "ரத்தினம், உன் சொந்தக்காரன் வந்துட்டான்!" மாமாவும் சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் மாமாவின் நாற்காலிக்கு நேரே நின்றேன். ரத்தினம் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். "அண்ணே! அந்தக் கறுப்புச் சைக்கிள், கடை கண்ணிக்குப் போறவங்களுக்கு. உங்களுக்கு அது லாயக்கு இல்ல! இது எங்க கடையிலேயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!"

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கழுதை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடை வாசலில் முதலாளி தலையில் கை வைத்தது எனக்குத் தெரிந்தது.

ரத்தினம் கழுதையைப் பார்த்தார். அவரும் அதில்தான் பழகியவர். முகம் மாறியது. பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "நான் கேட்டது அதைத்தான்!"

கூட்டம் கை தட்டியது. அதற்குள் பழைய சைக்கிளின் பின்சக்கரம் எட்டுப் போட ஆரம்பித்துவிட்டது. இனி சுற்றிப் பார்க்க நேரமில்லை. நான் கழுதையின் ஹேண்டிலை ஒரு கையிலும் சீட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடினேன். ரத்தினம் பக்கத்தில் வந்தார். கை மாறியது. வலது கால் கழுதையின் பெடலுக்கு வந்தது. உடம்பு மெல்ல வந்தது. இனி இடது கால் ஒன்றுதான் பாக்கி. எல்லாம் அழகாக நடந்தது.

அப்போது எனக்கு முன்னால், கோட்டின்மேல், முதலாளி குந்தியிருப்பதைப் பார்த்தேன்.

முட்டி வலியை மறந்து ஓடி வந்திருந்தார். கழுதை விற்றுப்போயிற்று அல்லவா? விற்ற சைக்கிள் பழத்தை நசுக்காமல் எப்படிப் போகும்? எத்தனையோ வருஷமாகப் பழம் வைத்துப் பழகிய கை, குறி தப்பவில்லை. முன்சக்கரம் வரும் தடத்தில் மிகச் சரியாக வைத்துவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு விலகினார்.

போலீஸ்காரர் பஞ்சரிலிருந்து அவர் வாங்கியதெல்லாம் பெரிய பழம் என்று சொன்னேனே. இது இன்னும் பழுக்காத காய் வேறு. நசுங்கவில்லை. சக்கரம் அதன்மேல் ஏறியது, காய் உருண்டது, கழுதை பக்கவாட்டில் வழுக்கியது. பழைய சைக்கிள் விழுந்து மடிந்தது. நான் குப்புற விழுந்தேன். ரத்தினத்தின் இடது கால் காற்றில் துழாவிக்கொண்டு கீழே வந்தது.

வந்து விழுந்த இடம் தரை இல்லை. கோட்டை ஒட்டிப் போட்ட பிரம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்ற ஆறுமுகம் மாமாவின் வலது பாதம்.

"அடோய்!" என்றார் மாமா.

ரத்தினம் அந்தப் பாதத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஊன்றி, ஓர் உந்து உந்தி, கழுதையில் நிமிர்ந்து உட்கார்ந்து, போய்க்கொண்டே இருந்தார்.

கழுதையின் செயின் சத்தம் மட்டும் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் கூட ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு வாயால் கேட்டார்: "மாமா... இது கணக்கா, கணக்கில்லையா?"

மாமா காலைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் விழுந்தார். "கணக்குத்தான்! கால் கீழ வந்துச்சு! நீங்கல்லாம் பார்த்தீங்க!"

"தரையில படலியே மாமா!"

"என் காலு எதுமேல இருந்துச்சு? தரைமேலதானே? அப்ப என் காலை மிதிச்சா தரையை மிதிச்ச மாதிரிதான்!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாமா சொல்வது நியாயம் என்று ஒரு பக்கம். "அப்ப நாற்காலியும் தரை, நாற்காலிமேல இருக்கிற மாமாவும் தரையா?" என்று இன்னொரு பக்கம். ரத்தினம் சுற்றிக்கொண்டே இருந்தார். மாமரத்துப் பக்கம் போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கோடீஸ்வரர் அங்கே இல்லை. கீழே இறங்கச் சொன்னால் இறங்கிவிட்டு, மறுபடி ஒரு வேலையைத் தேடிப்பிடித்து, அதையும் விட்டுவிடப் போகிற முகம்.

பாக்கியம் அப்போதுதான் இரண்டு கிளாஸோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். கிளாஸ்களைக் கீழே வைத்தார். தகப்பனார் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். பெருவிரல் வீங்க ஆரம்பித்திருந்தது.

"அப்பா, வலிக்குதா?"

"வலிக்குதாவா? உயிர் போகுது! எருமை மாதிரி மிதிச்சிட்டுப் போறான்!"

பாக்கியம் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "தரைக்கு வலிக்குமா, அப்பா?"

மாமா மகளைப் பார்த்தார், தன் பெருவிரலைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்த ரத்தினத்தைப் பார்த்தார். வலிக்கவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் பெருவிரல் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அந்தத் தே ஓவைக் கொடு" என்றார் கடைசியில். ஒரு வாய் குடித்தார். "இன்னொண்ணை அவன்கிட்ட ஓடிக் கொடு. ஆறிடப் போகுது."

அதுதான் தீர்ப்பு. ஒலிபெருக்கிக்காரர் ஒலிபெருக்கியைத் தேடி எடுப்பதற்குள் கூட்டம் கத்திவிட்டது.

மறுநாள் காலை கொடி ஏறியது. எல்லாரும் எழுந்து நின்றோம். மாமாவால் எழ முடியவில்லை. கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. உட்கார்ந்தபடியே தலைப்பாவைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ரத்தினம் ஒரு செருப்புக் காலைக் கழுதையின் முன்சக்கரத்து டயரில் வைத்து வேகத்தைக் குறைத்தார், சின்ன வயசில் செய்த மாதிரி. மற்றக் காலை ஹேண்டிலில் வைத்தார். பிறகு எழுந்தார். நின்றாரா என்றால், நின்றார். சலாம் வைத்தாரா என்றால், கை நெற்றிக்குப் போவதற்குள் மறுபடி சீட்டில் இருந்தார். ஆனால் கால் தரையில் படவில்லை, கழுதை சாயவில்லை, பாக்கியம் கை தட்டினார்.

கொடி ஏறி முடிந்த பிறகும் ரத்தினம் சுற்றிக்கொண்டே இருந்தார். எல்லாரும் "இறங்கு, இறங்கு" என்றார்கள். "இறங்க வரலை" என்றார் அவர். கால் அந்த வடிவத்திலேயே நின்றுவிட்டதாம். பழத்தால் வந்த பாவத்தைக் கழுவ முதலாளியே ஓடிப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்தேன். இறக்கி நிறுத்தினால் நிற்க மாட்டேன் என்கிறார். அந்தப் பக்கம் மாமாவும் நிற்க மாட்டேன் என்கிறார். கடைசியில் இருவரையும் கழுதையின் இரண்டு பக்கமும் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டார், மருமகன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். பாக்கியம் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். கழுதை அன்றைக்கு நடந்த மாதிரி அமைதியாக என்றைக்கும் நடந்ததில்லை.

இத்தோடு முடிந்திருந்தால், "வித்தைக்காரனுக்கு மொட்டைச் சைக்கிள் கொடு" என்று ஒரு வரியில் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்படி முடியவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் கழுதையைத் தள்ளிக்கொண்டு ரத்தினம் கடைக்கு வந்தார். கூடவே மாமா, இன்னும் லேசாக நொண்டியபடி. ரத்தினத்துக்கு இரும்புக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். அதனால் பிடித்திருக்கிறது என்றார்.

முதலாளி பெல்லை அடிக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். அந்தத் திடலில் கத்தியதிலிருந்து எனக்குக் கொஞ்சம் வாய் திறக்க வந்திருந்தது. ரத்தினத்தைக் கேட்கவில்லை, மாமா எதிரில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மாமாவையும் கேட்கவில்லை. இரண்டு பேருடைய காலையும் பார்த்தேன். பிறகு, "பின்னால யாரு உட்காரப் போறாங்க?" என்று கேட்டேன்.

"என் மகள்" என்றார் மாமா. நொண்டிக் காலைத் தடவிக்கொண்டே, "சில நாள் நானும்" என்றார்.

உள்ளே போய் அந்த உயரமான கறுப்புச் சைக்கிளைக் கொண்டுவந்தேன். கேரியர், மட்கார்டு, செயின் மூடி, விளக்கு, எல்லாம். திடலில் அவர் காலுக்குக் குறுக்கே நின்ற ஒவ்வொன்றும் இப்போது பாக்கியத்தின் சேலைக்காகவும் மாமாவின் சரோங்குக்காகவும் செய்து வைத்த மாதிரி இருந்தது. கழுதையை நாங்கள் திருப்பி எடுத்துக்கொண்டோம், மீதிக்கு மாமா பணம் கொடுத்தார். அதே ஆள், அதே கடை, அதே இரண்டு சைக்கிள். உங்களிடம் எது நல்ல சைக்கிள் என்று யாராவது கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிஎம்எக்ஸ் கேட்டு வருகிற பையனிடம் என்ன விலையில் வேண்டும் என்று தொடங்காதீர்கள். எங்கே கால் வைக்கப் போகிறாய் என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஒன்றும் குறுக்கே இல்லாத சைக்கிளாகப் பார்த்துக் கொடுங்கள். குறுக்கே இல்லாத சாமானுக்கு அவன் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் கைமாறியது. ரத்தினம் புதுச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். மாமா பெஞ்சில் உட்கார்ந்து கையிலிருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி சட்டைப் பையில் கையை விட்டு, குனிந்து, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

மாமா பழத்தைப் பார்த்தார். பையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"ம், இப்ப ஓட்டு" என்றார்.